முதல் சால்

ஏரின் மேழியைப் பிடித்தபடி நின்றான்.

மாடுகள் பூட்டியாயிற்று. முதல் சால் இன்னும் ஓடவில்லை.

வடக்கே மேகம் கறுத்துக் கிடந்தது. இன்னொரு மழை விழுந்தால் இந்தக் கரிசலில் கால் வைக்க முடியாது. பருவம் போய்விடும். ஓலைக் கொட்டானில் இருக்கும் உளுந்து கொட்டானிலேயே இருக்கும்.

அந்த உளுந்தை விதைக்கென்று எடுத்து வைத்தது அவன் மனைவி. பானையில் வேப்பிலையோடு போட்டு, அதன் வாயைத் தன் பழைய சேலைக் கிழிசலால் கட்டினாள்.

ஆடியில் அவள் செத்துப்போனாள். முடிச்சை இன்று காலை அவன்தான் அவிழ்த்து, உளுந்தைக் கொட்டானில் சரித்தான்.

சித்தப்பா பக்கத்துப் புஞ்சைக்காரர் மருமகள் செண்பகவள்ளியைக் கூட்டி வந்திருந்தார். ஆண் உழுவான். பின்னால் பெண் விதை போடுவாள். அவள் தாலியோடு இருக்க வேண்டும்.

கொட்டான் செண்பகவள்ளியின் இடுப்பில் இருந்தது.

அக்கா வரப்பில் உட்கார்ந்திருந்தாள்.

புருஷன் போனதிலிருந்து விதைப்பன்று அவளுக்கு அதுதான் இடம்.

களை பறிக்கலாம். நெற்று பறிக்கலாம். வெயிலில் அடிக்கலாம், புடைக்கலாம். புடைத்ததில் ஒரு பங்கை விதை என்று ஒதுக்கிவிட்டால், அதன் பிறகு தொடக் கூடாது.

அவனும் துணையை இழந்தவன்தான்.

மேழியை விடு என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

மனைவி இருந்தவரை அவள் கைதான் முதலில் போட்டது. ராசியான கை என்றார்கள். அக்கம்பக்கத்துப் புஞ்சைகளுக்கும் கூப்பிட்டார்கள். காய்ச்சலோடு போய்ப் போட்டிருக்கிறாள்.

ராசி.

"ஓட்டுலே," என்றார் சித்தப்பா. "மூஞ்சியத் தொங்கப் போட்டா வெள்ளாம வந்துருமா? அடுத்த புரட்டாசிக்குள்ள உனக்கும் ஒரு நல்ல கையாப் பாத்துருவோம்."

ஒரு நல்ல கை.

செண்பகவள்ளி தரையைப் பார்த்தாள்.

அவன் மேழியை விட்டான்.

நடந்து போய் வரப்பில், அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்னலே?" என்றார் சித்தப்பா.

"நானும் தொடக் கூடாதுல்லா."

"நீ ஆம்பளடா!"

அவன் காலை மடக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டான்.

"காலேசுக்கு அனுப்புனது தப்பாப் போச்சு," என்றார் சித்தப்பா, மாடுகளிடம். "தொரைக்கு இப்ப மண்ணு ஒட்டுதாம்."

காற்று ஈரமாக அடித்தது. மேகம் நகர்ந்துகொண்டிருந்தது.

அக்கா அவன் பக்கம் திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"நீ இங்கன வந்து உக்காந்துட்டா எனக்குச் சோறு வந்துருமா? அவ கட்டி வச்ச விதை. புழுத்துப் போகணுமா?"

அவன் எழவில்லை.

அவள் எழுந்தாள்.

சித்தப்பா குறுக்கே வந்தார். "ஏட்டி, கொட்டான்கிட்டப் போகாத."

அக்கா கொட்டான் பக்கம் போகவில்லை.

நேராக ஏருக்குப் போனாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். மேழியைப் பிடித்தாள்.

"விதையத்தான சித்தப்பா தொடக் கூடாதுன்னீக?"

சித்தப்பா வாயைத் திறந்தார். பெண் ஏர் பிடிக்கக் கூடாது என்று இதுவரை அவருக்குச் சொல்ல வேண்டி வந்ததில்லை. எந்தப் பெண்ணும் பிடித்ததில்லை.

அக்கா நாக்கைத் தட்டினாள்.

தினமும் கூளம் அள்ளிப் போடுகிறவளின் குரல். மாடுகள் நடந்தன.

சால் கோணலாகத்தான் ஓடியது. ஆனால் ஓடியது.

"யம்மா," என்றாள் செண்பகவள்ளி மெதுவாக. யாரைச் சொன்னாளோ. விறுவிறுவென்று வரப்புக்கு வந்து, கொட்டானை அவன் மடியில் வைத்தாள். அவள் தாலி முன்னால் வந்து ஆடியது. அதைச் சேலைக்குள் போட்டுக்கொண்டாள்.

"எங்க வீட்ல உலை வச்சுட்டு வந்தேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சித்தப்பா கத்த ஆரம்பித்திருந்தார். இனி இந்த ஊரில் மழையே பெய்யாது என்றார். ஊர் காறித் துப்பும் என்றார். அவன் அம்மாவை வசவுக்கு இழுத்தார். அவன் மனைவியையும்.

அவன் கொட்டானோடு சாலில் இறங்கினான்.

நின்றுகொண்டு போட்டால் உளுந்து சிதறியது.

குனிந்தான். இன்னும் குனிய வேண்டியிருந்தது.

முதுகு அப்போதே வலிக்கத் தொடங்கியது.

புஞ்சையின் மறுகோடி வெகுதூரத்தில் இருந்தது.