அசையாமல் கிடந்தவை

பூச்சிகள் மொத்தமும் செத்ததுபோல் கிடந்தன.

திரையின் மூலையில் நேரம் குறைந்துகொண்டிருந்தது. இரண்டு நிமிடம் ஐம்பது நொடி.

“என்ன வெனிங், எல்லாம் போய்ச் சேர்ந்துடுச்சா?”

அவளுடைய ஆய்வு வழிகாட்டி பாக் ஹார்டோனோ மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஆய்வக மடிக்கணினியை எட்டிப் பார்த்தார். மாணவர்களுக்கு அவர் ‘பாக்’, அதாவது ஐயா. அவர் விரலிடுக்கில் சிவப்புப் பேனா.

சிவப்பு என்றால் ‘ரெவிசி’. திருத்திக்கொண்டு வா என்று அர்த்தம். நீலம் என்றால் ஒப்புதல். நீலப் பேனா அவர் சட்டைப்பையில் மூடியோடு இருந்தது.

இரண்டு வருடப் படிப்பில் வெனிங்குக்கு இது நான்காம் வருடம். ஆய்வேடு பதிவு நான்கு மணிக்கு முடிகிறது. விட்டால் இன்னும் ஆறு மாதம். இப்போது மணி மூன்றே முக்கால்.

சொந்த ஊர் வொனொகிரியில் அம்மா, மகளின் பட்டமளிப்பு விழாவுக்கென்று குடும்பத்துக்கே ஒரே பாத்திக் துணியில் உடுப்புத் தைத்து வைத்தாள். அது எப்போதோ தைத்தது. தம்பியின் முழுக்கைச் சட்டை இப்போது அவனுக்கு முழங்கையைத்தான் தாண்டுகிறது.

பூச்சிகள் என்றால் உயிருள்ள பூச்சிகளல்ல. கணினிக்குள் தின்று, குட்டி போட்டு, சாகிற புள்ளிகள். ஒவ்வொரு குட்டியும் தாயிடமிருந்து ஒரு துளி மாறிப் பிறக்கும். வேகமாகப் பெருகுகிறவற்றை விலக்கிவிட்டால் மிச்சத்தில் வேறென்ன குணம் வளரும்? இது பாக்கின் கேள்வி. அவருக்காக வெனிங் ஒரு சோதனைக் கூண்டு எழுதினாள். நூறு தலைமுறைக்கு ஒருமுறை பூச்சிகளை அதற்குள் மூன்று நிமிடம் போட வேண்டும். அங்கே துள்ளிப் பெருகுகிறவற்றை அழிக்க வேண்டும். மந்தமானவற்றைத் திரும்பப் பெரிய பெட்டியில் விட வேண்டும்.

துள்ளியவை அழிந்தன. கூண்டுக்குள் மட்டும் ஏனோ சுருண்டு கிடந்த ஒன்றிரண்டு தப்பின. அவற்றின் குட்டிகளும் அப்படியே. இன்றைக்கு அத்தனையும் கூண்டுக்குள் பிணம். பெரிய பெட்டிக்குத் திரும்பியதும் பேயாட்டம்.

யாரும் அவற்றுக்குச் சொல்லித் தரவில்லை.

மூன்று நாளைக்கு முன்புதான் வெனிங் இதைக் கண்டுபிடித்தாள். அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள். வாயைக்கூடத் திறந்துவிட்டாள்.

அப்போது பாக் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். பதில் சொன்னால் அடுத்து என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும்.

“பிரமாதம்! இதையும் ஒரு அத்தியாயமாச் சேத்துடு, ஆறு மாசம்தான்.” இந்த வாக்கியத்தை அவள் ஏற்கெனவே மூன்று முறை கேட்டாயிற்று. அவருடைய கெட்டுப்போன புரோகிராமைச் சரி செய்து கொடுத்தாள், ஆறு மாதம். அவருடைய கட்டுரையில் தப்பு கண்டுபிடித்தாள், அதற்கும் ஆறு மாதம்.

அவளோடு படிப்பில் சேர்ந்த கிலாங் என்பவன், எதைக் கேட்டாலும் வாயைப் பாதி திறந்து தலையைச் சொறிவான். எருமை என்றே அவனுக்குப் பெயர் வைத்திருந்தாள். பாக் சலித்துப்போய் இரண்டாம் வருட முடிவில் அவனுக்கு நீலப் பேனாவை எடுத்தார். கிளம்புகிற அன்று மீ ஆயாம் கடையில் கோழி நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே அவன் சொன்னான்: “கேள்வி காதுல விழுந்ததும் பதில் சொல்ற வியாதி உனக்கு. எருமை கூடவே இருந்தும் உனக்குக் குணமாகல பாரு.”

அன்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒரு நிமிடம் நாற்பது நொடி.

பதில் சொல்லிச் சொல்லித்தான் அவள் இந்த அறைவரை வந்திருந்தாள். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். சிபாரிசுக்கு மாமா இல்லை, சித்தப்பா இல்லை. வாய் ஒன்றுதான் இருந்தது.

“உன்னைத்தான் கேக்குறேன். ஏன் அசைய மாட்டேங்குது?”

வெனிங் தலையைச் சொறிந்தாள்.

“தெரியல, பாக்.”

“யோசிச்சியா இல்லையா?”

“யோசிச்சேன், பாக். மவுஸைக்கூட மாத்திப் பாத்தேன்.”

 முகத்தை அசைக்காமல் வைத்திருந்தாள்.

பாக் அவளை வெறித்துப் பார்த்தார். சிவப்புப் பேனாவை மூடினார்.

“வருஷத்துக்கு வருஷம் மந்தமாகிட்டேதான் வர்றீங்க. முன்னாடியெல்லாம் பசங்க இப்படியா இருந்தாங்க? என்ன காரணம்னே புரியல.”

இயற்கைத் தேர்வைப் பற்றி இருபத்திரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிறவர், இதைச் சொல்லிக்கொண்டே நீலப் பேனாவை எடுத்தார்.

ஒப்புதல் தாளில் கையெழுத்து விழுந்தது. நாற்பது நொடி பாக்கி.

வெனிங் தாளைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு கதவுக்குப் போனாள்.

“ராத்ரி! நீயாவது வந்து பாரு.” பாக் கூப்பிட்டார்.

மூலையில் விடைத்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த முதல் வருடப் பெண் எழுந்தாள். வெனிங்கின் கால் அங்கேயே நின்றது. மூன்று நாளைக்கு முன்பு, பூச்சிகளின் நாடகத்தைக் கண்டு வெனிங் நாற்காலியிலிருந்து துள்ளியபோது, “இதைப் புரிஞ்சுக்க இவ்வளவு நாளாச்சா அக்கா உங்களுக்கு?” என்று கேட்டவள் இந்த ராத்ரி.

ராத்ரி குனிந்து திரையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

அவள் வாய் பாதி திறந்தது. கை தலைக்குப் போனது.

“தெரியலையே, பாக்.”

கிலாங்கை ராத்ரி பார்த்ததே இல்லை.

பாக் பெருமூச்சு விட்டுத் தேநீர் கிளாஸை எடுக்க ஜன்னல் பக்கம் திரும்பினார்.

நேரம் முடிந்தது. பூச்சிகள் பெரிய பெட்டிக்குள் விழுந்தன. விழுந்த வேகத்தில் அத்தனையும் ஓடத் தொடங்கின.

ராத்ரி ஒற்றை விரலால் மடிக்கணினியின் மூடியைச் சத்தமில்லாமல் இறக்கினாள்.