காலையில் ஒன்று, மாலையில் ஒன்று

"இருக்கிறது ஒரே பூனைக்குத்தான். பாதிப் பாதியாப் பிரிச்சா ரெண்டுமே பிழைக்காது," என்று மாத்திரை டப்பாவை மேஜையில் வைத்தார் டாக்டர் மிராந்தா.

சைப்ரஸ் தீவின் லார்னகா நகரில் பூனைகளுக்கு அந்தப் பாழாய்ப்போன வைரஸ் பரவிய வருஷம். மனிதர்களின் கொரோனாவுக்கு வாங்கி மிஞ்சிய மாத்திரைதான் அவற்றுக்கு உயிர். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, எண்பத்து நாலு நாள். அடுத்த டப்பா வரப் பத்து நாளாகும். வயிற்றில் நீர் கோத்த பூனை அதுவரை தாங்காது.

"எனக்குக் குடுங்க டாக்டர். என் பூனை கேப்டனைக் கையோட கொண்டாந்திருக்கேன்." துண்டு போர்த்திய கூடையை அணைத்துக்கொண்டார் செனியோஸ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். "இந்தம்மா வெறும் சீட்டோட வந்து நிக்குது!"

"வேற டாக்டர் ரத்தம் பார்த்து எழுதின சீட்டுய்யா!" கிறிஸ்டல்லா சீட்டை உயர்த்திக் காட்டினாள். "பூனை நேத்து சாயங்காலத்துல இருந்து எங்கயோ பதுங்கிடுச்சு. நோவு வந்தா ஒளிஞ்சுக்கும்னு தெரியாதா உங்களுக்கு?"

"இல்லாத பூனைக்கு மாத்திரையா? நல்ல நியாயம்!"

"தெருத்தெருவாத் தேடிப் பிடிச்சிடுவேன். என் லூகூமி என் கையைத் தவிர யார் கையிலயும் திங்காது."

"என் கேப்டன் மட்டும்? நான் ஹலூமிப் பாலாடைக்கட்டி கிள்ளிப் போட்டாத்தான் வாயே திறக்கும். பொண்டாட்டி போனப்புறம் வீட்டுல எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதாம்மா."

கூடைக்குள்ளிருந்து ஈனமாக ஒரு முனகல் வந்தது.

கிறிஸ்டல்லா கூடையைப் பார்த்தாள். சீட்டை மடித்துக் கைப்பையில் போட்டாள். டப்பாவை அவளே எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அவருக்கே குடுத்துடுங்க டாக்டர். கண்ணு முன்னால ஒண்ணு கிடந்து துடிக்கும்போது என்னுதுதான் என்னுதுதான்னு நிக்க மனசு வரல."

செனியோஸ் கூடையை மேஜையில் வைத்தார். அவசரமாகச் சட்டைப்பையிலிருந்த ஹலூமித் துண்டில் முதல் மாத்திரையைப் பொதிந்தார். டாக்டர் கூடைமேல் போர்த்தியிருந்த துண்டை விலக்கினார்.

மெலிந்து வயிறு மட்டும் உப்பிய மஞ்சள் பூனை தலையைத் தூக்கியது. அவர் நீட்டிய ஹலூமியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மேஜையில் தள்ளாடி நடந்து போய், கிறிஸ்டல்லாவின் தோளில் முன்னங்காலைப் போட்டுக்கொண்டது.

"கேப்டன்!" என்றார் செனியோஸ்.

"லூகூமி!" என்று அலறினாள் கிறிஸ்டல்லா.