மறுபடியும் அதே ரேடியோ

"உங்கப்பாகிட்ட நாங்க சொன்னா மனசு கஷ்டப்படுவாரு. நீயே பக்குவமா எடுத்துச் சொல்லும்மா" என்றார் செகரட்டரி அம்மா.

சமுதாயக் கூடத்துக்கு அவர் வைத்ததுதான் சட்டம். ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். கையிலிருந்து பிரம்பு போய்விட்டது, குரலிலிருந்து போகவில்லை.

"என்ன சொல்லணும் மேடம்?"

"ரிப்பேர் மேஜையை விட்டுடச் சொல்லு. அதோ பாரு, மறுபடியும் அதே ரேடியோ!"

மகள் எட்டிப் பார்த்தாள். சனிக்கிழமை காலை. ஒரு பக்கம் கேரம், ஒரு பக்கம் பாட்டுப் பயிற்சி. ஜன்னலோரம் அப்பாவின் மேஜை. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அக்கம்பக்கத்துப் பெரியவர்களின் மிக்ஸிக்கும் கடிகாரத்துக்கும் டேபிள் ஃபேனுக்கும் அவர்தான் இலவச வைத்தியர். அவருக்கு எதிரில் ரேடியோ மாமா, குழந்தையை டாக்டரிடம் கொண்டுவந்த மாதிரி ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு.

மகளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தான் வேலை பார்க்கிற மருந்துக்கடையில் மாத்திரை வாங்க வருகிறவர்களிடம்கூட, 'எங்கப்பா கை பட்டாப் போதும், செத்த மிக்ஸியும் எழுந்து உக்காரும்' என்று பீற்றிக்கொள்பவள் அவள்.

"எங்கப்பா வேலையில சொட்டை சொல்ல முடியாது மேடம்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். போன வாரம் சரி பண்ணின ரேடியோ இந்த வாரம் ஊமை. அதுக்கு முந்தின வாரமும் இதே கதை. நாலு பேர் சிரிக்கறாங்கம்மா. வயசாயிடுச்சு, என்ன பண்றது? பேப்பர் படிக்கற மூலையில நல்ல நாற்காலியா ஒண்ணு போட்டுத் தர்றேன்."

பேப்பர் படிக்கிற மூலையா! அம்மா போன பிறகு பல மாதம் அப்பா வீட்டில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். காலையில் பிரித்த பக்கம் சாயங்காலமும் அப்படியே கையில் இருக்கும். மனுஷனை மீட்டுக் கொடுத்ததே இந்த மேஜைதான். அதையும் பிடுங்கிவிட்டால்?

விறுவிறுவென்று அப்பாவிடம் போனாள்.

"அப்பா, இந்த ரேடியோவுக்கு என்னதான் வியாதி?"

கேரம் ஆடியவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரேடியோ மேல குத்தமில்லைம்மா. முன்ன மாதிரி கை நிக்கல. என் தப்புதான்."

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'என் தப்பு' என்ற வார்த்தையை அப்பா வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. லிஃப்ட் பாதியில் நின்றால்கூட, 'ஏறினவங்க வெயிட்டு அப்படி' என்கிற ஆள்!

ரேடியோ மாமாவுக்கு முகம் சுண்டிப்போனது. அவளைக் கண்ணாலேயே கூப்பிட்டுவிட்டு வராந்தாவுக்கு நடந்தார்.

அவள் முந்திக்கொண்டாள். "மாமா, தப்பா நெனைக்காதீங்க. இனிமே இதை இங்க கொண்டு வராதீங்க. நான் புதுசே வாங்கித் தர்றேன். எங்கப்பா மானம் போகுது."

"உங்கப்பா கையில ஒரு குறையும் இல்லம்மா. நான் ரேடியோ கம்பெனியில வேலை பார்த்தவன். அவரு ஈயம் வெச்சு ஒட்டினா அது ஆயுசுக்கும் விடாது."

"அப்புறம் எப்படி ரிப்பேர் ஆகுது?"

"வெள்ளிக்கிழமையானா நான்தான் உள்ள ஒரு கம்பியை நறுக்கிடறேன்."

"ஐயையோ! ஏன் மாமா?"

"உங்கம்மா போனப்புறம் அவரு கதவைத் திறந்தாரா? இங்க இருக்கறவங்க கேரம் ஆட வாங்கன்னாங்க, பாட வாங்கன்னாங்க. ம்ஹூம்! ஒருநாள், ரேடியோ பாடலைன்னு தூக்கிட்டுப் போய் நின்னேன். உடனே ஸ்க்ரூ டிரைவர் எங்கன்னு தேடினாரு. அதை வெச்சே மெதுவா இங்க இழுத்துட்டு வந்தேன். மத்தவங்க ஒரு வாரம் சாமான் கொண்டு வருவாங்க, ஒரு வாரம் வரமாட்டாங்க. என் ரேடியோவும் சரியாயிட்டா, பாவம், அந்த மனுஷனுக்கு வீட்டை விட்டு வெளிய வர வேற சாக்கு ஏது?"

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவருக்கு மட்டும் தெரிய வேணாம்மா. ரோஷக்காரரு."

அவள் போய்ச் செகரட்டரி அம்மாவின் காதில் விஷயத்தைப் போட்டாள். அவர் ஒரு தடவை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கேரம் பக்கம் திரும்பி ஒரு அதட்டல் போட்டார். "யாரு அங்க சிரிக்கறது? ரிப்பேர் மேஜை இருக்கற எடத்துலயேதான் இருக்கும்!"

வீட்டுக்குத் திரும்பும்போது மகள் அப்பாவின் கையைக் கோத்துக்கொண்டு நடந்தாள். இப்படி ஒரு சிநேகிதரைச் சம்பாதித்து வைத்திருக்கிறாரே என்று பெருமையாக இருந்தது. உண்மை நாக்கு நுனி வரை வந்தது. கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

தெருமுனையில் அப்பாவே பேச்சை எடுத்தார்.

"அவரைப் பார்த்தா ஒண்ணு சொல்லும்மா. வாராவாரம் ஒரே எடத்துலயே கம்பியை நறுக்கறாரு. அடுத்த வாரமாவது எடத்தை மாத்தட்டும். இனிமே ஈயம் வெக்க அங்க எடமில்லை."

மகள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"அப்பா! உங்களுக்குத் தெரியுமா?"

"அறுந்த கம்பி எது, நறுக்கின கம்பி எதுன்னு தெரியாமலா இத்தனை வருஷம் லிஃப்டைத் தொங்க விட்டேன்?"

"அப்புறம் ஏம்பா அத்தனை பேர் முன்னாடி உங்க தப்புன்னு சொன்னீங்க?"

"கல்யாணமே பண்ணிக்காத மனுஷன்மா. வீட்டுல பேச்சுத் துணைக்கு ஆளில்லை. கேரமும் தெரியாது, பாட்டும் வராது. வெறுங்கையோட வான்னா கூச்சப்பட்டுக்கிட்டு வரமாட்டாரு." அப்பா அவள் கையை இழுத்துக்கொண்டு நடந்தார். "என் பேர் கெட்டாக் கெட்டுட்டுப் போகுது போ. அந்த ரேடியோ சரியாயிட்டா, பாவம், அந்த மனுஷனுக்கு வீட்டை விட்டு வெளிய வர வேற சாக்கு ஏது?"