அரை மூடி சோப்புத்தூள்

"அப்பாவோட யூனிஃபார்மை இனிமே ஃபேக்டரியிலயே துவைச்சுக் குடுங்க சார்."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அப்பா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

மேனேஜர் சிரித்தார். "ஏம்மா, டிகிரி முடிச்சுட்டு சோப்புத்தூள் மிச்சம் பிடிக்கவா வந்தே?"

"மிச்சம் பிடிச்சது அம்மா. தூசியை நல்லா உதறிட்டு ஊறவச்சா அரை மூடி போதும்பாங்க. இருபது வருஷமா உதறினாங்க."

"கெட்டிக்காரங்க!"

அவள் எக்ஸ்ரேயை நீட்டினாள். அவர் சிரிப்பு நின்றது.

"நுரையீரல் இப்படி ஆயிடுச்சா? அப்போ உங்கப்பா நாளையிலேருந்து வேலைக்கு வரவேண்டாம்."

"மாஸ்க் போட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறுக்கிற அப்பா நல்லாத்தான் இருக்கார். இது அம்மாவோடது. போன மாசம் போயிட்டாங்க. இப்போ என் தங்கச்சி உதறிட்டிருக்கா."

ஃபேக்டரிக்கு எதிராக அப்பா கையெழுத்துப் போட மறுத்த வழக்கு மனுவில் அவள் காலையிலேயே தன் கையெழுத்தைப் போட்டிருந்தாள். எக்ஸ்ரேயைப் பிடுங்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.