பரம்பரைத் தும்மல்

“மூக்கு உடைஞ்சு போச்சு டாக்டர்!”

டாக்டரம்மா பதறிப்போய் நிமிர்ந்தார். உடைந்தது எதிரே வந்து உட்கார்ந்த சோபாக்காரரின் மூக்கு அல்ல. மேசை மேல் இருந்த பிளாஸ்டிக் மூக்கு. வருபவர்களுக்கு விளக்கிச் சொல்வதற்காக வைத்திருந்த பொம்மை அது. உட்கார்ந்ததும் உட்காராததுமாக அவர் போட்ட அடுக்குத் தும்மலில் கை பட்டுக் கீழே விழுந்து, தரையில் இரண்டாகக் கிடந்தது.

“கவலையே படாதீங்க, ஒட்டித் தந்துடறேன். சோபாவுக்கே கால் ஒட்டறவன், ஒரு மூக்கு ஒட்ட மாட்டேனா?”

“தும்மல் உங்களுக்கா சார்?”

“எனக்கென்ன டாக்டர், நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்.” சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சி, கண்ணைத் துடைத்து, சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டார். “பொண்ணுக்குத்தான்.”

எட்டு வயதுப் பெண் அப்பா, அம்மா இருவருக்கும் நடுவே காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் குட்டி.

“வீட்டுல ஓயாம தும்மறா டாக்டர்,” என்று அம்மா ஆரம்பித்தாள். “ஸ்கூல்ல தும்மறதே இல்லையாம். அதான் எனக்குப் பூனை மேல சந்தேகம். பூனைதான்னு நீங்க சொல்லிட்டா, இன்னிக்கே யார்கிட்டயாவது கொடுத்துடலாம்னு இருக்கேன்.”

குட்டியின் கால் ஆடுவது நின்றது.

பூனைக்கு மேனேஜர் என்று பெயர். புதிதாகத் தைத்த சோபா எதுவானாலும் முதல் ஆளாக ஏறிப் படுத்து, வேலை செய்பவர்களை முறைத்துக்கொண்டே இருக்கும் என்பதால் கிடைத்த பதவி. ராத்திரியானால் குட்டியின் போர்வைக்குள் டியூட்டி.

“பூனை பாவம், அதை விடுங்க,” என்றார் சோபாக்காரர். “இது பரம்பரை டாக்டர். எங்கப்பா தும்மினா தெருவே எழுந்துக்கும். எங்கண்ணன் தும்மி ஒரு தடவை பல்செட் பறந்து பாயசத்துல விழுந்திருக்கு. என் கதை, நீங்களே பாத்தீங்க. இவளும் அச்சு அசல் அதேதான். ஒண்ணோட நிறுத்த மாட்டா, அடுக்கடுக்கா போடுவா. ரத்தத்துல ஓடுது!”

பெருமை தாங்கவில்லை அவருக்கு. “‘தும்மாதவங்க எல்லாம் இந்த வீட்டுக்கு வெளியாளு’ன்னு எங்கண்ணன் சொல்லிட்டே இருப்பான். வேற யாரை, இவளைத்தான்!” என்று மனைவியைக் காட்டிச் சிரித்தார்.

மேசைக்கடியில் மனைவியின் செருப்பு அவர் பாதத்தை நறுக்கென்று மிதித்தது. கிண்டல் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று காலை இழுத்துக்கொண்டார்.

“பெத்தவங்களுக்கு இருந்தா பிள்ளைங்களுக்கு வர வாய்ப்பு அதிகம்தான்,” என்றார் டாக்டர். “அதோட தூசி, சிகரெட் புகை, சுவத்துல பூஞ்சை, இதெல்லாமும் சேரும். வீட்டுல எது இருக்கு?”

“எது இல்லைன்னு கேளுங்க. கீழே கடை, மேலே வீடு. பழைய சோபாவைப் பிரிச்சா மாடி வரைக்கும் தூசி. குளியலறைச் சுவத்துல பூஞ்சை. அண்ணன் வந்தா புகை.” சொத்துப் பட்டியல் வாசிப்பது போல் வாசித்தார்.

“எப்பலேருந்து தும்மறா?”

“பிறந்ததுலேருந்தேதான்!”

மறுபடியும் ஒரு மிதி. இந்த முறை குதிகால். தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்குச் சத்தியமாகப் புரியவில்லை.

டாக்டர் விளக்கடித்துக் குட்டியின் மூக்கை நிதானமாகப் பார்த்தார். பிறகு, “நீங்களும் இப்படி வாங்க சார்,” என்று அவர் மூக்கையும் பார்த்தார்.

“அடேயப்பா! தூசியிலயே வேலை செய்யறீங்க, வீக்கம் எப்படி இருக்கு பாருங்க. மாஸ்க் இல்லாம இனிமே பஞ்சுல கை வைக்கக் கூடாது. மருந்து உங்களுக்குத்தான் முதல்ல.”

“எனக்குக் கிடக்கட்டும். குட்டிக்கு?”

“அதான் எனக்கும் புரியல. வீக்கம் இல்ல, நீர் வடியல, கண் சிவக்கல. வீட்டுல மட்டும்தான்னு சொல்றீங்க. பூனையைக் கொஞ்ச நாள் தள்ளி வெச்சுப் பாப்போம்.”

சோபாக்காரர் தலையைச் சொறிந்தார். மேனேஜர் இல்லாமல் கடை எப்படி நடக்கும்? ஆனால் மகளின் மூக்கா, மேனேஜரின் வேலையா என்றால் யோசிக்க என்ன இருக்கிறது?

“இன்னிக்கே அண்ணன் வீட்டுல கொண்டுபோய் விட்டுடறேன் டாக்டர்.”

குட்டி அவர் சட்டையைப் பிடித்தாள். “வேணாம்பா.”

“உன் தும்மல் நிக்கணுமேடா கண்ணு.”

“நானே நிறுத்திடறேன்.”

“தும்மலை எப்படிடா நிறுத்துவே? எனக்கே இத்தனை வருஷமா நிக்க மாட்டேங்குதே!”

“உங்களுக்குத் தானா வருது. நான் வேணும்னேதான் தும்மறேன்.”

சோபாக்காரர் அவள் பக்கம் குனிந்தார்.

“எதுக்குடா?”

குட்டி நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். “தும்மாதவங்க வெளியாளுன்னு பெரியப்பா சொன்னாரேப்பா. போன வருஷம் குழந்தைங்க இல்லத்துலேருந்து என்னைக் கூட்டிட்டு வந்தீங்களே, அன்னிக்கு.”

எழுதிக்கொண்டிருந்த டாக்டரின் பேனா நின்றது. “அப்புறம் ஏன் சார் பரம்பரை, ரத்தத்துல ஓடுதுன்னு அடிச்சுச் சொன்னீங்க?”

சோபாக்காரர் மனைவியைப் பார்த்தார். மிதிபட்ட காலைப் பார்த்தார். சட்டையை விடாமல் பிடித்திருந்த சின்னக் கையைப் பார்த்தார்.

“மறந்தே போச்சு டாக்டர்.”