ஒரு வோட்டுக் குறைவு

'என்னையும் ஒருக்கால் கேட்டால்தான் என்ன?'

என்று நினைத்தபடி மெலனி தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். கணவன் நெல்சன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கால்பந்துக் கழகத்தின் ஆதரவாளர்கள் வாக்களித்துத் தெரிவுசெய்யும் சிறந்த வீரர் விருது, ஒரே ஒரு வாக்கில் அவன் கைநழுவிக் கோல்காப்பாளன் றொமேஷுக்குப் போய்விட்டது.

"ஒரு வோட்டு மச்சான்! எங்கட ஆள் ஒருத்தன்தான் கழுத்தறுத்திருக்கான்," என்றான் நெல்சன்.

"எங்கட தெருவில எல்லாரையும் கேட்டாச்சு. எல்லாரும் உனக்குத்தான் போட்டதாம்," என்றான் கூட்டாளி சாள்ஸ். பிறகு கண்ணைச் சிமிட்டினான். "மெலனியக் கேட்டியா?"

நெல்சன் விழுந்து விழுந்து சிரித்தான். "அவளுக்கு என்னை விட்டா வேற ஆருடா?"

"அப்ப ஞாயிறு எல்லாரையும் தலவில் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவம். புனித அன்னம்மாவுக்கு முன்னால சத்தியம் பண்ணட்டும்."

சாள்ஸ் போய்விட்டான்.

கல்யாணம் முடித்த நாளிலிருந்து நெல்சனின் பின்னேரங்கள் எல்லாம் மைதானத்துக்கும் கூட்டாளிகளுக்கும்தான். இந்த முறை தோற்றாலாவது வீட்டில் இருந்து தன்னோடு நாலு வார்த்தை கதைப்பான் என்று மெலனி நினைத்திருந்தாள். அதனால்தான், முகம்கூடச் சரியாக நினைவில்லாத றொமேஷுக்குத் தன் வாக்கைப் போட்டிருந்தாள்.

நெல்சன் இப்போது வீட்டில்தான் இருக்கிறான். அங்கிருந்தே ஊர் முழுக்க விசாரிக்கிறான், அவளைத் தவிர.

"மெலனி, ஞாயிறு அவங்கள் சத்தியம் பண்ணக்குள்ள மெழுகுதிரிய நீதான் பிடிக்கணும். உன்னில மட்டும்தான் எனக்குச் சந்தேகமில்ல."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

"அது என்னால ஏலாது," என்றாள் மெதுவாக.