தம்பியின் குரல்

சோவியத் நாடு முதன்முதலில் அனுப்பிய செயற்கைக்கோள் ஒரு சின்னப் பந்து. அதைச் சுமந்து வந்த ராக்கெட்டின் காலிக் கூடும் அதோடு சேர்ந்தே பூமியைச் சுற்றியது. பந்து ஓயாமல் ‘பீப் பீப்’ என்று கூவியது. கூட்டுக்குப் பூமிவரை எட்டும் குரல் இல்லை. பெரிய உடம்புதான், வெயில் பட்டால் பளபளக்கும்.

“அண்ணே, கீழே ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? என் கண்ணுக்கு எட்டவில்லை,” என்றது பந்து.

“அண்ணாந்து பார்த்துக் கை காட்டுகிறார்கள்.”

“என்னையா அண்ணே?”

“உன்னை எங்கே தெரியப்போகிறது? என்னைத்தான்,” என்றது கூடு மிதப்பாக.

“இருக்கட்டும். சுமந்து வந்தது நீங்கள்தானே,” என்று சொல்லிவிட்டுப் பந்து மறுபடி கூவத் தொடங்கியது.

ஒரு நாள் அந்தியில், கீழே ரேடியோவில் காதை வைத்திருந்த ஒருத்தி கூட்டைக் காட்டிப் புருஷனிடம் சொன்னாள்: “அதோ போகுது பாருங்க! இவ்வளவு நேரம் கூவினது அதுதான்!”

கூட்டுக்குச் சுருக்கென்றது. ஜனங்கள் தேடியது அந்தக் குரலை. குரலுக்குச் சொந்தக்காரன் என்று நம்பித்தான் இத்தனை நாளும் தன்னைப் பார்த்துக் கை காட்டியிருக்கிறார்கள்.

தம்பியிடம் அதை எப்படிச் சொல்வது? வெட்கத்தில் ஒரு சுற்று முழுக்க அது தயங்கியது. பிறகு துணிந்து கூப்பிட்டது.

“தம்பி, நான் சொன்னது தப்பு. அவர்கள் உன்னைத்தான் தேடுகிறார்கள்.”

பந்தின் பேட்டரி தீர்ந்து, அதன் கூவல் நின்றுபோயிருந்தது.

அடுத்த ஊரிலும் ஜனங்கள் மாடியேறி நின்று ஆசையாகக் கை காட்டினார்கள். எங்காவது ஒளிந்துகொள்ளலாமா என்று கூடு தவித்தது. வெயிலோ அதன்மேல் முழுதாக விழுந்துகொண்டிருந்தது.